செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் இடம்: ராயபுரத்தில் ஒரு பகல் இல்லம்

வடசென்னையில், ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுப் பக்கம் போகும்போது, ஒரு மாதா கோயிலை ஒட்டிய சந்துக்குள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் பகல் இல்லம் ஒன்று இருக்கிறது. என் மாமியார் 2023 ஜூலையிலிருந்து அங்கே போய் வருகிறார். இரண்டரை வருஷம் பார்த்தாகிவிட்டது, நல்லது கெட்டது இரண்டும் தெரியும், அதனால் எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிற யாருக்காவது உதவும்.

இல்லத்தின் பெயரைப் போடவில்லை. சிஸ்டர்களிடம் கேட்டேன். நாற்பது பேருக்குத்தான் இடம், பெயரைப் போட்டால் தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வராது, வேண்டாம் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். வடசென்னைக்காரர்கள் சந்தில் இறங்கி விசாரித்தால் யாரும் வழி சொல்வார்கள்.

பகல் இல்லம் என்றால் காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது. குழந்தைகளுக்குப் பால்வாடி மாதிரி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. ஏன் என்பது கீழே வரும்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டுக்கு வருவது நிச்சயமில்லை. நான் பாரிமுனையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறேன். மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஆக, காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் மாலை நாலரை வரைக்கும் அத்தை மட்டும்தான். மூட்டு வலியால் துணையில்லாமல் கீழே இறங்க முடியாது. ஜன்னலில் உட்கார்ந்து கீழே தண்ணீர் லாரிக்கு நிற்கும் வரிசையைப் பார்ப்பார். டிவி பார்ப்பார். நான் திரும்பி வந்ததும் வரிசையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். அந்த நேரத்தில் நான் அரிசி களைந்துகொண்டே 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சு அது.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு நாள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். காலை பதினொன்றுக்கு விழுந்தவரை நாலரைக்கு என் மகள் வந்துதான் பார்த்தாள். ஐந்தரை மணி நேரம் ஈரத் தரையில். கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், மேல் மாடியில் மிக்சி ஓடியிருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டினோம். மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டு ஆறு வாரத்தில் பிரித்தாயிற்று. ஆனால் அதற்கப்புறம் அத்தை குளியலறைக்குத் தனியாகப் போகப் பயந்து, காலையில் நாங்கள் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சிறுநீரில் எரிச்சல் வந்து டாக்டரிடம் போனபோது அவர் கேட்டார், தண்ணீரே குடிப்பதில்லையா என்று.

முதலில் கட்டண முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம், ஊருக்கு வெளியே. முன்பணம் ஒரு லட்சம், மாதம் பதினைந்தாயிரம் என்றார்கள். பணத்தை விடுங்கள், கடன் வாங்கியாவது கட்டியிருப்போம். கூடத்தில் பதினைந்து பேர் சுவரோரமாக நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. நாங்கள் அரைமணி நேரம் இருந்தோம், அதுவரை அவர்களில் ஒருவர்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவில்லை. வீட்டுக்காரர் வெளியே வந்து, "எங்கம்மா இங்க பத்து நாள் தாங்காது" என்றார். அத்தோடு அதை விட்டோம்.

ராயபுரத்து இல்லத்தைப் பற்றிச் சொன்னது எங்கள் கடைக்கு மருந்து எடுக்க வரும் ஒரு நர்ஸ் அம்மா. சொன்னதும் எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர், "பார்த்தும்மா, மதம் மாத்திடுவாங்க" என்று எச்சரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது, மறைக்கவில்லை. அத்தை தீவிர அம்மன் பக்தை. கால் நன்றாக இருந்த காலத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவரைச் சிலுவை மாட்டிய வீட்டில் கொண்டுபோய் விடுவதா என்று நினைத்தேன். அத்தைக்கும் கோபம். "இன்னாம்மா, கை ஒடிஞ்சா மடத்துல தள்ளிடுவீங்களா?" என்றார்.

அன்றைக்கு எங்களைப் பார்த்த சிஸ்டர் நடுத்தர வயதுக்காரர், தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. நான் ஆதார், மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை அத்தைக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். என்ன நோய் என்று கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பளம் இடுவேன். கணக்கு மறக்க மாட்டேன்" என்றார்.

இந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமனார் பின்னி மில் தொழிலாளி. 1996-ல் மில்லை மூடினார்கள். ஆனால் அதற்கு முன்பே வருஷக்கணக்கில் வேலை இருக்கிற மாதமும் இல்லாத மாதமுமாகத்தான் ஓடியது. அந்த வருஷங்களில் அத்தை அப்பளம் இட்டுத்தான் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார். தெருவில் இருபது முப்பது பெண்கள் மாவு வாங்கிப் போய் வீட்டில் இட்டுக் காயவைத்து எடைக்குக் கொடுப்பார்கள். யார் எத்தனை கிலோ மாவு எடுத்தார், எவ்வளவு அப்பளமாகத் திருப்பினார், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று நோட்டு இல்லாமல் வைத்திருந்தது அத்தைதான். எழுதப் படிக்கத் தெரியாது. முதலாளியின் நோட்டுக்கும் அத்தைக்கும் கணக்கு வேறுபட்டால், நோட்டைத்தான் திருத்துவார்களாம்.

சிஸ்டர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வாசலைப் பார்த்துக்கோங்க" என்றார். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையான வேலையைத்தான் கொடுத்திருக்கிறார்.

அந்த இல்லத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்தை வாசலுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாதத்துக்குள் நாற்பது பேர் செருப்பும் மனப்பாடம். பெருவிரல் பக்கம் மட்டும் தேய்ந்தது யாருடையது, வாரைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியது யாருடையது, மருமகன் துபாயிலிருந்து அனுப்பிய மெத்தென்ற செருப்பு யாருடையது என்று எல்லாம் தெரியும். பத்து மணிக்கு எழுந்து ஒரு பார்வை பார்த்தார் என்றால் அன்றைக்கு யார் யார் வரவில்லை என்று சொல்லிவிடுவார். முந்தின நாளே சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தவர்களைத் தனியாகக் கழித்துவிடுவார். மீதி இருப்பவர்களின் வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து போன் போகும். போன் எடுக்கவில்லை என்றால் ஆள் போகும்.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் அத்தை, "கட்டுக்கம்பிச் செருப்பக் காணோம் சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் அவர். பத்து மணியைத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேரை சிஸ்டர் அனுப்பியிருக்கிறார். அவர்கள் போய்ப் பார்த்தால் தாத்தா கழிவறை வாசலில் விழுந்து கிடக்கிறார், குழாய் திறந்தபடி தண்ணீர் ஓடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். தொடை எலும்பு முறிவு. ஸ்டான்லியில் அறுவை நடந்தது. இப்போது வாக்கர் வைத்துக்கொண்டு வந்துபோகிறார். அவர் தரையில் கிடந்தது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு.

அன்று மாலை அத்தை இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு அன்னிக்கு அஞ்சரை மணி நேரம் ஆச்சு" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதனால்தான் பால்வாடி என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. பால்வாடியில் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், சிஸ்டர்கள் அதற்கு இடம் செய்து தருகிறார்கள். கண் நன்றாகத் தெரிகிற ஒரு ஆயா தினமும் தினத்தந்தியைச் சத்தமாகப் படிக்கிறார். தையல் தெரிந்தவர்கள் எல்லோருடைய துணிக்கும் பட்டன் வைக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். ஆண்களுக்கு கேரம் பலகை இருக்கிறது. ராயபுரத்தில் கேரம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மதியச் சாப்பாட்டுக்கப்புறம் அதைச் சுற்றி நடக்கும் சண்டை வாசல் வரைக்கும் கேட்கும்.

சாப்பாட்டைப் பற்றி. காலை பத்தரைக்குக் கஞ்சி அல்லது சுண்டல், மதியம் சாதம், குழம்பு, ஒரு பொரியல், மாலை மூன்றரைக்கு டீ. புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு, பக்கத்திலேயே காசிமேடு என்பதால் அதில் குறை சொல்லவே முடியாது. சோறுதான் பிரச்சினை. கோயிலைச் சேர்ந்த வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து மாதம் ஒருமுறை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிடியரிசி. மிக நல்ல வழக்கம்தான். ஆனால் பொன்னியும் ரேஷன் அரிசியும் புழுங்கலும் பச்சையும் ஒரே மூட்டையில் கலந்து வருகிறதா, வேகும்போது பாதி குழைந்து பாதி விதைவிதையாக நிற்கும். பல் இல்லாதவர்கள் பாடு கஷ்டம். அத்தை இதைச் சிஸ்டரிடம் நேராகவே சொல்லிவிட்டார். இப்போது கலந்த அரிசியைக் கஞ்சிக்கும் இட்லி மாவுக்கும் போடுகிறார்கள், மதியத்துக்குத் தனியாக அரிசி வாங்குகிறார்கள். முழுக்கச் சரியாகவில்லை. மாதக் கடைசியில் பணம் முட்டும்போது பழைய கலப்புச் சோறு திரும்பி வரும்.

ஒரு தவறும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. முதல் வருஷம் ஒரு திருநாளுக்குப் பாயசம் ஊற்றியிருக்கிறார்கள், அத்தையும் ஆசையாக இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். இரவு வீட்டில் பார்த்தால் 340. அடுத்த நாள் கோபமாகப் போய்ப் பேசினேன். மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் எனக்கு இதில் பொறுமை குறைவு. பொறுப்பில் இருந்த மதர் முழுவதையும் கேட்டார், எங்கள் மேல்தான் தவறு என்றார், நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது சர்க்கரைக்காரர்களின் டம்ளர் காதில் எல்லாம் சிவப்பு நூல் கட்டியிருந்தது. படிக்கத் தெரியாத சமையல்கார அம்மாவுக்கும் அது புரியும். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அப்படி நடக்கவில்லை. மருந்து விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தரமாட்டார்கள், இன்சுலின் ஊசியை நர்சிங் படித்த சிஸ்டர் மட்டும்தான் போடுவார்.

சரி, மதம். இதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் எல்லோரும் அமைதியாக உட்கார்வார்கள், அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். மாலை மூன்று மணிக்குச் செபமாலை சொல்கிறவர்கள் சின்னக் கோயிலுக்குள் போவார்கள், மற்றவர்கள் கூடத்தில் தாயம் ஆடுவார்கள். அத்தையின் நெற்றியில் விபூதியும் குங்குமமும் அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருக்கின்றன. அம்மன் கோயில் நாள் என்பதால் வெள்ளிக்கிழமை அத்தை வரமாட்டார் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம், சிஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அங்கே கவிச்சி சமைப்பதில்லை. அம்மனைக் கும்பிடுகிறவர்களும் சாப்பிடமாட்டார்கள், கத்தோலிக்கர்களிலும் பழைய வழக்கம் விடாதவர்கள் சாப்பிடமாட்டார்கள், சமையல்கார அம்மாவுக்கு அன்றைக்குக் குழப்பமே இல்லை.

ஆடி மாதம் பக்கத்துத் தெரு எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஒரு பெரிய தூக்கு இல்லத்துக்கு வரும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். இரண்டையும் சிஸ்டர்கள் வாசலுக்கு வந்து கைநீட்டி வாங்குவார்கள். அத்தைக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் இன்னும் ஸ்டான்லியை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார். 1782 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரி அது. சத்திரம் இன்றைக்கும் முதியவர்களை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஏழுகிணற்றில் வீராசாமித் தெருவில் குடியிருந்த வள்ளலார்தான் பின்னாளில் வடலூர் போய் 1867-ல் தருமசாலை தொடங்கினார், அடுப்பு இன்னும் அணையவில்லை. ராயபுரம் என்ற பெயரே இராயப்பரால், அதாவது பேதுருவால் வந்தது என்பார்கள். எங்கள் பக்கத்தில் யார் எந்தச் சாமியின் பெயரால் கஞ்சி ஊற்றினாலும் வரிசையில் எல்லோரும்தான் நிற்போம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் குடியிருப்பைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு சிஸ்டர்கள் அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்கள், கூட ஒரு மீனவப் பையன். மூன்று மாடி ஏறி வந்து பால் பவுடர், பிரெட், மெழுகுவர்த்தி, அத்தையின் சர்க்கரை மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார்கள். எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மதம் மாற்றுவார்கள் என்று எச்சரித்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் பால் பவுடர் கிடைத்தது. அவர் இப்போது தன் அண்ணனுக்கு அங்கே இடம் கேட்டு வரிசையில் இருக்கிறார்.

எனக்கு உண்மையில் வருத்தமான விஷயம் வேறு. சிஸ்டர்களுக்கு மாற்றல் உண்டு. சில வருஷத்துக்கு ஒருமுறை சபையிலிருந்து கடிதம் வரும், பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் "என்ன வேலை தெரியும்" என்று கேட்ட அந்தத் தூத்துக்குடிச் சிஸ்டர் போன மே மாதம் வடக்கே எங்கேயோ போய்விட்டார். சொல்லிக்கொள்ளக் கிடைத்தது நான்கே நாள். அத்தை ஒரு வாரம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். புருஷனைப் பறிகொடுத்தவர்களும், பிள்ளை பேசாதவர்களும் இருக்கிற இடத்தில், வருஷக்கணக்கில் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரைத் திடீரென்று எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மதரிடமே சொன்னேன்.

அவர் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படத்தைக் காட்டினார். ஜீன் ஜுகன், பிரான்சுக்காரர். இவர்கள் வேறு சபைதான், ஆனால் முதியோர் பணி செய்கிற எல்லோருக்கும் அவர் மூத்தவர் என்றார். 1839 குளிர்காலத்தில் கண் தெரியாத, ஒரு பக்கம் செயலிழந்த கிழவி ஒருத்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்துவிட்டுப் பரணில் போய்ப் படுத்தவர். அப்புறம் கூடையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி இல்லம் நடத்தியிருக்கிறார். ஆனால் சபை பெரிதானதும் அவரைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள், கடைசி இருபத்தேழு வருஷம் அவர்தான் தொடங்கியவர் என்று கூட இருந்த இளம் சிஸ்டர்களுக்கே தெரியாதாம். 1879-ல் இறந்தார். 2009-ல்தான் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். "நாங்க எங்க இருந்தாலும் வேலை நடக்கணும், அதுக்குத்தான் மாற்றல்" என்றார் மதர். அவர் சொல்வது அவர்கள் பக்கம் நியாயம். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஒரு மாதம் முன்னாலேயே சொல்லலாம், புதிதாக வருகிறவர் பழையவரோடு இரண்டு வாரம் சேர்ந்து இருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

புது சிஸ்டர் சின்ன வயது. முதல் நாள் செருப்போடு உள்ளே வந்துவிட்டார், அத்தை நிறுத்திவிட்டார். அங்கிருந்து இரண்டு பேருக்கும் பழக்கம்.

சாவையும் அங்கே மூடி மறைப்பதில்லை. மாடியில் யாருமே இல்லாத பதினெட்டுப் பெண்கள் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறார்கள். கீழே பகலில் வருகிறவர்களிலும் வருஷத்துக்கு மூன்று நான்கு பேர் போய்விடுகிறார்கள். கிறிஸ்தவர் என்றால் பூசை வைத்துக் காசிமேட்டுக் கல்லறை. உறவு யாரும் வராத ஒரு இந்துத் தாத்தாவை மூலகொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது, சங்கு ஊதி, வாய்க்கரிசி போட்டு, அவர் வீட்டு முறைப்படியே செய்தார்கள். கொள்ளி வைத்தவர் கேரமில் அவரோடு தினமும் சண்டை போட்ட கூட்டாளி. சிஸ்டர்கள் ஓரமாக நின்றார்கள். அத்தை என்னிடம் இதை இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். எதற்காகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாபக மறதி முற்றி வெளியே நடந்து போய்விடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை, சந்து நேராக மெயின் ரோட்டில் முடிகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எங்கள் பிளாக்கில் ஒரு அம்மாவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பகல் இல்லம் இன்னும் அதிகமாகத் தேவை, இது பெரிய குறை. படுக்கையில் இருப்பவர்களுக்கும் இடமில்லை. பெண்கள் பக்கம் மேற்கத்தியக் கழிவறை இரண்டுதான், மதியச் சாப்பாட்டுக்கப்புறம் வரிசை நிற்கும். வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், ஆனால் செங்குத்தாக இருக்கிறது, மழையில் வாக்கரோடு ஏறப் பயமாக இருக்கும். வேன் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைக்கு மட்டும். நாங்கள் ஷேர் ஆட்டோவில் விடுகிறோம். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாலை நாலரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஏழு மணிக்கு வேலை முடிகிறவர்களுக்கு நடுவில் அந்த இரண்டரை மணி நேரம் இடிக்கும். எங்களுக்கு மகள் இருக்கிறாள். ஞாயிறு விடுமுறை.

பணம் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. முடிந்தவர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சு உண்டு, உறையில் போட்டுப் பெட்டியில் போட வேண்டும், பெயர் எழுதக் கூடாது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. அரசு உதவித்தொகை 1,200 ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிற ஆயாக்களும் பென்ஷன்காரர்களும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் ஞாயிறு பூசைக்கப்புறம் வசூல் செய்து தருகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நிறைய வருமாம். ஜூன் மாதத்தில்தான் வறட்சி, பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு எல்லார் கையும் காலியாக இருக்கும். உதவ நினைக்கிறவர்கள் பிறந்தநாள் கேக், பிரியாணி என்று கொண்டுபோகாமல் ஜூனில் ஒரே ரக அரிசியாக ஒரு மூட்டை இறக்குங்கள்.

இன்னொன்று. மகன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாமல் விட்ட ஒரு அம்மாவைச் சிஸ்டரும் அந்தத் தபால்காரரும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு கொடுக்க வைத்தார்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். மாதம் பத்தாயிரம் வரை பராமரிப்புக்கு உத்தரவு போடலாம், பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567 கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது.

சேர்க்க நினைத்தால் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள், அதற்கு முன் எல்லோரும் வேலையாக இருப்பார்கள். யாரைச் சேர்க்கிறீர்களோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் மட்டும் போனால் பேசமாட்டார்கள். ஆதார் நகல், டாக்டர் சீட்டு, அவசரத்துக்கு இரண்டு போன் எண்கள் போதும். ஒரு வாரம் வந்து பார்க்கச் சொல்வார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். அத்தை முதல் இரண்டு நாள் அழுதார், மூன்றாம் நாள் நான் கிளம்பத் தாமதமானதற்குச் சத்தம் போட்டார்.

செருப்பு மட்டும் புதிதாக வாங்கிக் கொடுங்கள், பின்பட்டி வைத்தது, அடி வழுக்காதது. நீல ஹவாய் வேண்டாம். அங்கே ஏற்கெனவே எட்டு ஜோடி இருக்கிறது, அத்தைக்கு அதில்தான் தடுமாற்றம்.